எதிர்பார்ப்பு பிள்ளையை உயர்த்துமா, கெடுக்குமா என்று கேட்ட தந்தைக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மகள் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் படித்துப் பத்தாம் வகுப்பில் 462 மதிப்பெண் எடுத்திருக்கிறாள். நீங்களும் உங்கள் மனைவியும் பள்ளிப் படிப்பைத் தாண்டாதவர்கள். மகள் மருத்துவராக வேண்டும் என்பது இருவருடைய எண்ணமும். "பெற்றவர்கள் பெரிதாக எதிர்பார்த்தால்தான் பிள்ளை மேலே வரும், வெளியூர் விடுதிப் பள்ளியில் நீட் பயிற்சியோடு சேர்த்துவிடுங்கள்" என்கிறார் உங்கள் மைத்துனர். "எதிர்பார்ப்புதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது, அவள் போக்கில் விடுங்கள்" என்கிறார் உடன் வேலை செய்யும் நண்பர். மகளைக் கேட்டால் "நீங்க சொன்னா சரிப்பா" என்கிறாள். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் உண்மையில் வேறு கேள்விகள் இருக்கின்றன: பெற்றோரின் எதிர்பார்ப்பு பிள்ளையின் மதிப்பெண்ணையும் பிற்கால வேலையையும் நிஜமாகவே மாற்றுகிறதா, மாற்றுமானால் எந்த வழியில் மாற்றுகிறது, உங்கள் வீட்டில் இருக்கும் எதிர்பார்ப்பில் மகளின் பங்கு எவ்வளவு. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியல் ஆசிரியராக இருந்து, பிறகு உயர்கல்வி வழிகாட்டும் பணிக்குப் பயிற்சி பெற்றவன் நான். மனநல மருத்துவன் அல்லன். உங்கள் மகளைப் பார்க்காமலும் அவளிடம் பேசாமலும் எழுதுகிறேன் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெற்றோரின் எதிர்பார்ப்பு உயர்ந்திருக்கும் வீடுகளில் பிள்ளைகளின் படிப்பும் பெரும்பாலும் உயர்ந்தே இருக்கிறது. இது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட செய்தி. 2001இல் ஃபான், சென் என்ற இரு ஆய்வாளர்கள் அதற்கு முன் நடந்த 25 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிள்ளையின் படிப்பில் பெற்றோர் காட்டும் அக்கறையின் பல வகைகளில் மதிப்பெண்ணோடு மிக நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது அவர்களுடைய எதிர்பார்ப்புதான். மிகக் குறைந்த தொடர்பு கொண்டிருந்தது எது தெரியுமா? வீட்டில் உட்கார்ந்து கண்காணிப்பது. 2009இல் நான்சி ஹில், டயானா டைசன் இருவரும் நடுநிலை வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோதும் ஏறக்குறைய இதுவே தெரிந்தது. படிப்பின் பயனை எடுத்துச் சொல்வதும், வருங்காலத் திட்டங்களைப் பிள்ளையோடு பேசுவதும், இன்ன பாடம் இன்னதற்கு உதவும் என்று காட்டுவதும் நல்ல மதிப்பெண்ணோடு சேர்ந்து வந்தன. வீட்டுப்பாடத்தில் பெற்றோர் புகுந்து உதவுவது அதற்கு எதிர்த்திசையில் நின்றது. வேலையைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1957இல் பள்ளி முடித்த சுமார் 10,000 பேரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. வில்லியம் சீவெலும் அவருடைய கூட்டாளிகளும் அதிலிருந்து காட்டியது ஒரு தொடர்ச்சி: பெற்றோர், ஆசிரியர், நண்பர் ஆகியோர் தரும் ஊக்கம் மாணவரின் சொந்த இலக்கை உருவாக்குகிறது, அந்த இலக்கு அவர் எத்தனை ஆண்டு படிக்கிறார் என்பதைத் தீர்மானிக்க உதவுகிறது, அந்தப் படிப்பு வேலையில் அவர் எங்கே தொடங்குகிறார் என்பதைத் தீர்மானிக்கிறது. பெற்றோரின் விருப்பம் நேராக வேலையாக மாறுவதில்லை. பிள்ளையின் மனத்துக்குள் புகுந்து அவளுடைய இலக்காக மாறினால்தான் அது மேற்கொண்டு நகர்கிறது. எதிர்பார்ப்பே வேண்டாம் என்ற உங்கள் நண்பரின் கருத்தை இந்தச் சான்றுகள் ஆதரிக்கவில்லை.

ஆனால் சேர்ந்து வருவதெல்லாம் ஒன்றால் மற்றொன்று விளைந்தது ஆகாது. நன்றாகப் படிக்கும் பிள்ளையைப் பெற்றவர்கள் அதிகம் எதிர்பார்ப்பது இயல்புதானே? லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் குடியேறிய லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களைக் கோல்டன்பர்க் குழுவினர் மழலையர் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை தொடர்ந்து பார்த்து 2001இல் எழுதியபோது, பிள்ளை வாங்கும் மதிப்பெண்ணைப் பார்த்துப் பெற்றோரின் கணிப்பு ஏறி இறங்கியதே தவிர, பெற்றோரின் கணிப்பால் மதிப்பெண் மாறியதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றார்கள். ஆசிரியர்களின் எதிர்பார்ப்பைப் பற்றியும் இதே வழக்கு உண்டு. 1968இல் ரோசென்தால், ஜேக்கப்சன் வெளியிட்ட சோதனையில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சில குழந்தைகளை "இவர்கள் இந்த ஆண்டு மலரப்போகிறவர்கள்" என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். ஆண்டு முடிவில் அந்தக் குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பீடு மற்றவர்களைவிட அதிகம் உயர்ந்திருந்தது. மேடைப் பேச்சாளர்கள் இதை இன்னும் விடாமல் சொல்கிறார்கள். அந்த உயர்வு முதல் இரண்டு வகுப்புகளில்தான் தெளிவாக இருந்தது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். லீ ஜஸ்ஸிம், கெண்ட் ஹார்பர் இருவரும் 2005இல் அதுவரையிலான ஆய்வுகளையெல்லாம் எடைபோட்டு, இந்த விளைவு உண்மை, ஆனால் பொதுவாகச் சிறியது என்ற முடிவுக்கு வந்தார்கள். சமூகம் தாழ்வாகப் பார்க்கும் பிரிவுகளின் பிள்ளைகளிடம் அது கூடுதலாக இருக்கலாம் என்றும் அவர்கள் சேர்த்துச் சொன்னார்கள். அரசுப் பள்ளி வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் அந்தக் கடைசிக் குறிப்பை நான் இலேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஆக, எதிர்பார்ப்புக்குக் காரணப் பங்கு இருக்கிறது என்று நம்புகிறேன். உங்கள் மைத்துனர் நினைக்கும் அளவு இருக்கிறது என்று நம்பவில்லை.

உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் சுமார் 3,500 மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் ஐந்தாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் பின்தொடர்ந்த தரவுகளைக் கோவு முராயாமா என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2016இல் ஆராய்ந்து எழுதினார்கள். பெற்றோரிடம் இரண்டு தனித்தனிக் கேள்விகள் கேட்கப்பட்டிருந்தன: பிள்ளை கணக்கில் எந்தத் தரநிலை வாங்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள், எந்தத் தரநிலை வாங்க அவளால் முடியும் என்று நம்புகிறீர்கள். விருப்பம் உயர்ந்திருந்த வீடுகளில் பிள்ளையின் கணக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் உயர்ந்தது. ஆனால் விருப்பம் நம்பிக்கையைத் தாண்டிப் போன வீடுகளில் அது இறங்கியது. தாண்டல் எவ்வளவு பெரியதோ இறக்கமும் அவ்வளவு கூடியது. அமெரிக்காவின் 12,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவிலும் அவர்கள் இதைச் சரிபார்த்தார்கள். பவேரியாவில் நான்காம் வகுப்பு முடிந்ததுமே பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள். நம் முறை அப்படியல்ல. எனவே அந்த விளைவின் அளவை அப்படியே நம்மூருக்குக் கொண்டுவர முடியாது. அதன் திசையை மட்டும், பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களில் நான் பல ஆண்டுகள் கண்டதோடு ஒப்பிட்டுச் சரியென்று ஏற்கிறேன்.

அந்தக் கூட்டங்களில் கண்டது இது. "என் பொண்ணு டாக்டர்தான் சார்" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லும் தந்தை, கூட்டம் கலைந்த பின் தனியாக வந்து, "சார், இவளால முடியுமா?" என்று தணிந்த குரலில் கேட்பார். அந்தத் தணிந்த குரலைப் பிள்ளை வீட்டில் ஏற்கெனவே கேட்டிருப்பாள் என்பது அவருக்குத் தெரியாது. விருப்பம் நம்பிக்கையை மீறும்போது இடைவெளியை நிரப்ப வந்து சேர்வது கட்டுப்பாடு. நான்கரை மணிக்கு அலாரம், உறவினர் கல்யாணத்துக்குத் தடை, கைப்பேசி பறிமுதல், ஒவ்வொரு டெஸ்டுக்கும் விசாரணை, கடைசியில் "உனக்காக எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறேன் தெரியுமா" என்ற வாக்கியம். இவை ஒவ்வொன்றும் "நாங்கள் பிடியை விட்டால் நீ விழுந்துவிடுவாய்" என்ற செய்தியைத்தான் பிள்ளைக்குச் சொல்கின்றன. விருப்பமும் நம்பிக்கையும் ஒத்துப்போகும் வீடுகளில் இவ்வளவு சத்தம் இருப்பதில்லை. அங்கே மதிப்பெண் குறைந்தால் "எந்தப் பாடம் புரியவில்லை?" என்ற கேள்விதான் முதலில் வரும். எனவே நீங்களும் உங்கள் மனைவியும் முதலில் செய்ய வேண்டியது, அந்த இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியாக ஒரு தாளில் விடை எழுதி, பின்பு ஒப்பிட்டுப் பார்ப்பது. இரண்டாம் கேள்விக்கான விடை உங்கள் ஆசையிலிருந்து வரக் கூடாது. ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளில் அறிவியலிலும் கணக்கிலும் அவள் வாங்கியவற்றைப் பார்த்தும், அந்தப் பாட ஆசிரியர்களிடம் கேட்டும் எழுத வேண்டும். 462 நல்ல மதிப்பெண்தான். ஆனால் ஐந்து பாடங்களின் மொத்தம் எதையும் சொல்லாது. அறிவியலில் மனப்பாடத்தால் வந்தது எவ்வளவு, புரிந்து எழுதியது எவ்வளவு என்பது அவளுடைய ஆசிரியருக்குத் தெரியும்.

இனி மகளின் சொந்த எதிர்பார்ப்பு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜாக்குலின் எக்கிள்ஸ் 1980களிலிருந்து வளர்த்தெடுத்த கோட்பாடு இதை இரண்டாகப் பிரிக்கிறது: "இது என்னால் முடியும்" என்பது ஒன்று, "இது எனக்கு வேண்டும்" என்பது மற்றொன்று. ஒரு மாணவி எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுப்பாள், எவ்வளவு நேரம் அதில் உட்காருவாள், தடுமாறினால் விடுவாளா தொடர்வாளா என்பதெல்லாம் இந்த இரண்டும் சேர்ந்து தீர்மானிப்பவை; ஒன்று இல்லாதபோது மற்றொன்று தனியாக அதிக தூரம் இழுக்காது. பெற்றோர் தங்கள் மகளின் கணக்குத் திறனை அவளுடைய உண்மையான மதிப்பெண்ணைவிடக் குறைவாக எடைபோடுவதும், அந்த எடையையே அவள் தன் எடையாக ஏற்றுக்கொள்வதும் எக்கிள்ஸ் குழுவினர் பலமுறை கண்ட செய்தி. "பொண்ணுக்கு பயாலஜி போதும், மேத்ஸ் கஷ்டம்" என்று நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோமே, அதன் விலை இதுதான்.

விடுதிப் பள்ளி யோசனையைப் பற்றி இங்கேதான் எனக்குத் தயக்கம். ஹெர்பர்ட் மார்ஷ் என்ற கல்வி உளவியலாளர் 1980களிலேயே ஒன்றைக் காட்டினார்: ஒரே திறமையுள்ள இரு மாணவர்களில், மிகத் திறமையானவர்களை மட்டும் பொறுக்கிச் சேர்க்கும் பள்ளிக்குப் போனவர் தன்னைப் பற்றிக் குறைவாக நினைக்கத் தொடங்குகிறார். குளத்தில் பெரிய மீன் ஏரிக்குப் போனதும் சின்ன மீனாகிவிடுவது போல. 2003இல் 26 நாடுகளின் மாணவர் தரவை வைத்துப் பார்த்தபோதும் இது நிலைத்தது. உங்கள் மகள் இன்று தன் பள்ளியில் முதல் சில இடங்களில் இருப்பாள். அந்த இடம் அவளுக்கு "என்னால் முடியும்" என்று தினமும் சொல்கிறது. வாராவாரம் ரேங்க் பட்டியல் ஒட்டப்படும் இடத்தில் அவள் நூற்றுக்கணக்கானவர்களின் நடுவே நிற்பாள். சில பிள்ளைகள் அதில் எழுச்சி பெறுகிறார்கள், சிலர் சுருங்கிப்போகிறார்கள். உங்கள் மகள் எந்த வகை என்பதை வீட்டில் இருப்பவர்கள்தான் சொல்ல முடியும்.

மாற்றுவதில் நடைமுறை இழப்பும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2020இல் சட்டமாக்கியது. 2021இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிவடைந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் கல்லூரி மாணவிகளுக்குத் தரும் மாதம் 1,000 ரூபாயும் பள்ளிக் காலத்தை வைத்துத்தான் கிடைக்கிறது. பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இந்த உரிமைகள் கைவிட்டுப் போகும். இவற்றை அறியாமல் மாற்றிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பின் வந்து கேட்ட பெற்றோர் பலர்.

"நீங்க சொன்னா சரிப்பா" என்ற பதிலைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பேன். அதற்காக அதை மறுப்பு என்றும் படிக்க வேண்டியதில்லை. ஜேம்ஸ் மார்சியா 1966இல் இளம்பருவத்தினரின் நிலைகளை வகுத்தபோது, தானாக எதையும் தேடிப் பார்க்காமல் பெற்றோர் வைத்த இலக்கையே தன் இலக்காக உறுதி செய்துகொள்ளும் நிலையைத் தனியாகக் குறித்தார். அந்த நிலையில் இருக்கும் பிள்ளைகள் வெளிப்பார்வைக்கு அமைதியாகவும் தெளிவாகவும் தெரிவார்கள். தடை வரும்போதுதான் தெரியும்: இலக்கை வைத்தவர் வேறொருவர் என்பதால், தடுமாறும் பிள்ளைக்குத் தன் சிரமத்தைச் சொல்வதே பெற்றோருக்கு எதிராகப் பேசுவதாகத் தோன்றும். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் "டாக்டர் ஆகிறாயா?" என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? அவள் மறுக்க இடமில்லாத கேள்வி அது. "மருத்துவமனையில் என்னென்ன வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அதில் எந்த வேலையைப் பார்த்தால் உனக்குப் பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை?" என்று கேளுங்கள். பதில் உடனே வராது. நான்கைந்து வாரம் கழித்து, சாப்பிடும்போதோ பேருந்திலோ தானாக வரும். அப்பா இல்லாத நேரத்தில் அம்மாவிடமும், அம்மாவைவிடச் சித்தியிடமும் பிள்ளைகள் உண்மையைச் சொல்வதுண்டு. அந்த வழியையும் திறந்து வையுங்கள்.

கல்லூரி வாசலை மிதிக்காத பெற்றோரின் பிள்ளைகளிடம் நான் கண்ட பெரிய குறை, ஆசைக் குறைவு அல்ல. ஆசை நிறைய இருக்கிறது, வழி தெரியவில்லை. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களை 1990களில் ஆராய்ந்த பார்பரா ஷ்னைடர், டேவிட் ஸ்டீவன்சன் இருவரும், தாம் விரும்பும் வேலைக்கு எந்தப் படிப்பு, எத்தனை ஆண்டு தேவை என்று தெரிந்து வைத்திருப்பவர்களே அதை நோக்கி நகர முடிகிறது என்றும், மற்றவர்களின் பெரிய ஆசை வீணாகச் சுற்றி அலைகிறது என்றும் காட்டினார்கள். வழி தெரிவதற்கு, அந்த வழியில் போன ஒருவரைக் கண்ணால் பார்ப்பது மிகவும் உதவுகிறது. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில், ஊராட்சித் தலைவர் பதவி தொடர்ந்து இரண்டு தேர்தல்களில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட கிராமங்களில், இளம்பருவத்தினரின் எதிர்கால ஆசைகளில் ஆண் பெண் இடைவெளி 32 விழுக்காடு குறைந்தது என்றும், படிப்பில் இருந்த இடைவெளி மறைந்தே போனது என்றும் லோரி பீமன், எஸ்தர் டுஃப்லோ முதலானோர் 2012இல் எழுதினார்கள். அந்த ஊர்களில் இளம் பெண்களுக்குப் புதிய வேலைகள் வந்துவிடவில்லை. நாற்காலியில் ஒரு பெண்ணைப் பார்த்ததுதான் மாற்றம் என்பது அவர்கள் கருத்து. உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போன ஒரு பெண்ணைத் தேடி, மகளை அழைத்துச் சென்று ஒரு மணி நேரம் பேச வையுங்கள். நாங்கள் வகுப்பில் நின்று கொடுக்கும் பேச்சுகள் பத்தைவிட அது மேல்.

வழியைப் பற்றிப் பேசும்போது கணக்கையும் மகள் முன்னால் வைத்துப் பேசுங்கள். 2024இல் நீட் எழுதியவர்கள் நாடு முழுவதும் 23 லட்சத்துக்கும் மேல், எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம், அவற்றிலும் ஏறக்குறையப் பாதி தனியார் கல்லூரிகளில். இதைச் சொன்னால் பிள்ளையின் ஊக்கம் குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். மறைத்து வைத்தால்தான் ஒரு தோல்வி அவளுக்கு "நான் லாயக்கில்லாதவள்" என்று பொருள்படும். பிளஸ் ஒன்னில் கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப் சுமை கூடியதுதான். ஆனாலும் அவளுக்குக் கணக்கு ஓரளவு வருமானால் அதையே பரிந்துரைப்பேன். மருத்துவம், பொறியியல் இரண்டின் வாசலும் திறந்திருக்கும். கணக்கு அவளை உண்மையிலேயே வாட்டுகிறது என்றால் தாவரவியலும் விலங்கியலும் உள்ள குரூப் போதும். தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவத்தின் மாநில ஒதுக்கீட்டு இடங்கள், வேளாண்மை, பி.எஸ்சி. நர்சிங் ஆகியவற்றுக்கு இதுவரை பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படையாக இருந்து வருகிறது. சேரும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், விதிகள் மாறக்கூடும். இவற்றை "டாக்டர் கிடைக்காவிட்டால்" என்ற தொனியில் சொல்லாமல், முதல் நாளிலிருந்தே வழிகளாகச் சொல்ல வேண்டும்.

உயர்ந்த இலக்கு வைத்து அடையாமல் போனால் பிள்ளை உடைந்துவிடுமா என்பதில் சான்றுகள் ஒரே பக்கம் நிற்கவில்லை. ஜான் ரெனால்ட்ஸ், சார்டி பேர்ட் இருவரும் 2010இல் அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்து, எதிர்பார்த்த பட்டம் கிடைக்காதவர்கள் அதன் காரணமாகவே பிற்காலத்தில் மனச்சோர்வுக்கு ஆளாகவில்லை என்று கண்டார்கள். மனத்துக்குத் தெம்பு தரும் முடிவுதான். ஆனால் அங்கே கல்லூரிக் கனவு பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல மாறி வேறு வேலையில் போய் நிற்கிறது. இங்கே ஒரே பிற்பகலில், ஒரே தேர்வில், தெருவே கேட்கும் மதிப்பெண்ணாக வந்து நிற்கிறது. இந்த வேறுபாட்டால் அந்த முடிவை நம் பிள்ளைகளுக்கு நீட்டிச் சொல்ல நான் துணிய மாட்டேன். தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, தோழிகளிடமிருந்து விலகுவது ஆகியவை இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது ஆசிரியரோ அப்பாவோ பார்க்க வேண்டிய விஷயம் அல்ல; மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

முதல் முறை கிடைக்காவிட்டால் ஓராண்டு வீட்டில் இருந்து மறுபடி எழுதுவதா என்பதை, தேர்வு முடிவு வந்த அன்று பேசத் தொடங்காதீர்கள். அன்றைக்கு யாருக்கும் நிதானம் இருக்காது, உறவினர்கள் வேறு வந்து உட்கார்ந்திருப்பார்கள். பிளஸ் டூ தொடங்கும்போதே மூவரும் உட்கார்ந்து, அவள் விரும்பினால் ஒரு முறை மட்டும் என்றோ, கல்லூரியில் சேர்ந்து படித்துக்கொண்டே எழுதலாம் என்றோ, வேண்டவே வேண்டாம் என்றோ முடிவு செய்து, அதற்கு ஆகும் பணத்தையும் இப்போதே பேசிவிடுங்கள். அந்தப் பேச்சில் முதலில் அவள் பேசட்டும். நீங்களும் மனைவியும் அவளுக்குப் பிறகு பேசுங்கள்.